ஜவ்வு சேர்ந்தால் போதுமா? முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பின் களம் திரும்புதல்

2023 அக்டோபர் 13 அன்று சேப்பாக்கம் மைதானத்தில், வங்கதேசத்துக்கு எதிரான உலகக் கோப்பை ஆட்டத்தில், நியூசிலாந்து அணித்தலைவர் கேன் வில்லியம்சன் மட்டை பிடிக்க இறங்கினார். அதே ஆண்டு மார்ச் 31இல் ஐ.பி.எல். தொடரின் முதல் ஆட்டத்தில், ருதுராஜ் கெய்க்வாட் தூக்கி அடித்த பந்தை எல்லைக் கோட்டில் எம்பித் தடுத்துவிட்டுக் கீழே வந்தபோது அவருடைய வலது முழங்காலில் ஏ.சி.எல். என்னும் ஜவ்வு அறுந்திருந்தது. ஏப்ரலில் அறுவை சிகிச்சை. ஆறு மாதம் கழித்துச் சேப்பாக்கத்தில் 78 ரன். அடுத்த ஆண்டு செப்டம்பரில் அதே மைதானத்தில், அதே வங்கதேசத்துக்கு எதிராக ரிஷப் பந்த் 109 ரன் எடுத்தார். 2022 டிசம்பர் 30 அன்று நடந்த கார் விபத்தில் முழங்கால் ஜவ்வுகள் சிதைந்து மும்பையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் அவர். ஐ.பி.எல். ஆட்டத்துக்குத் திரும்ப ஏறத்தாழ 15 மாதமும், டெஸ்ட் ஆட்டத்துக்குத் திரும்ப 20 மாதத்துக்கு மேலும் ஆயிற்று.

இருவரின் காயமும் ஒரே அளவு அல்ல. ஆனாலும் ஜவ்வு அறுந்த ஒவ்வொரு பிள்ளையும், பெற்றோரும், பயிற்சியாளரும் மருத்துவரிடம் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை மாசத்துல ஆடலாம்?" விளையாட்டு மருத்துவம் சில பத்தாண்டுகளாக இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டி வருகிறது. கிடைத்த விடைகளைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. என் முடிவை முன்னமே சொல்லிவிடுகிறேன். மாதக் கணக்கு தேவை. ஆனால் அது கீழ்வரம்பு மட்டுமே. அதற்கு மேல் தொடைத் தசையின் வலு, தரையிறங்கும் முறை, ஆடுபவரின் மனம் ஆகிய மூன்றையும் பார்த்துத்தான் களத்துக்கு அனுப்ப வேண்டும். நம் ஊரில் இந்த மூன்றும் பெரும்பாலும் அளக்கப்படுவதே இல்லை.

முழங்காலின் நடுவே சிலுவைபோல் ஒன்றையொன்று குறுக்கிட்டு இரண்டு ஜவ்வுகள் ஓடுகின்றன. முன்னால் இருப்பது ஏ.சி.எல். மூன்று சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும் நீளம். கீழ்க்கால் எலும்பு முன்பக்கமாக நழுவாமலும், உடம்பு திரும்பும்போது முழங்கால் சுழன்று விலகாமலும் பிடித்து வைத்திருப்பது இதுதான். நேராக நடக்க, சைக்கிள் மிதிக்க இது அவ்வளவு தேவைப்படாது. ஓடி வந்து சட்டென நின்று திசை மாற, எம்பிக் குதித்து ஒற்றைக் காலில் இறங்க இது இல்லாமல் முடியாது. கால்பந்து, கூடைப்பந்து, கைப்பந்து, பூப்பந்து எல்லாமே அந்த அசைவுகளால் ஆனவை. ஏ.சி.எல். அறுவதில் பத்தில் ஏழு யாரும் மேலே மோதாமலே நிகழ்கின்றன. தடுத்து நிற்கும் கால் ஊன்றியிருக்க, முழங்கால் உள்பக்கமாகச் சரிய, உடம்பு வேறு திசையில் திரும்பும் அந்த ஒரு நொடி போதும். கபடியில் இன்னொரு வழியும் சேர்கிறது. பாடிச் சென்றவர் கோட்டைத் தொடத் தன் உடம்பை ஒரு பக்கம் இழுக்கிறார். தொடையைப் பிடித்தவர் மறுபக்கம் இழுக்கிறார். நடுவில் முறுக்கு வாங்குவது முழங்கால்.

அறுந்த கணத்தில் பலருக்கு உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கும். சில மணி நேரத்தில் முழங்கால் வீங்கிவிடும். இரண்டு மூன்று வாரத்தில் வீக்கம் வற்றி நடக்கவும் முடியும். ஏமாற்றம் இங்கேதான் தொடங்குகிறது. கட்டுப் போட்டு, எண்ணெய் தேய்த்து, வலி போனதும் பையன் மறுபடி களத்தில் இறங்குவான். ஒரு திருப்பத்தில் முழங்கால் 'விட்டுவிடும்'. அப்படி விடும் ஒவ்வொரு முறையும் எலும்புகளுக்கு இடையே மெத்தையாக இருக்கும் மெனிஸ்கஸ் நசுங்கவோ கிழியவோ கூடும். ஜவ்வு அறுந்ததைவிட இந்த இரண்டாம் சேதம்தான் பிற்காலத்தில் அதிகம் வதைக்கும்.

அறுந்த முனைகள் பெரும்பாலும் தாமாக ஒட்டாது. மூட்டுக்குள் ஊறும் திரவம் அங்கே இரத்தம் உறைந்து பாலம் கட்ட விடுவதில்லை. அதனால்தான் மருத்துவர்கள் நூறாண்டுக்கும் மேலாக வேறு வழி தேடினார்கள். 1895இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ ராப்சன் ஒரு சுரங்கத் தொழிலாளியின் ஜவ்வுகளைத் தைத்தார். 1917இல் ஹே குரோவ்ஸ் தொடையின் பக்கவாட்டிலுள்ள தசைப்பட்டையைக் கொண்டு புது ஜவ்வு அமைத்தார். செயற்கை இழைகளை வைத்துப் பார்த்த 1980கள் பெரும் ஏமாற்றத்தில் முடிந்தன. அவை தேய்ந்து அறுந்தன, மூட்டைப் புண்ணாக்கின. மூட்டுக்குள் கேமரா செலுத்தும் ஆர்த்ராஸ்கோபி வந்து சிறு துளைகள் வழியே வேலை முடிகிற காலம் வந்தது. ஆனாலும் அறுவை சிகிச்சைக்குப் பின் வாரக்கணக்கில் மாவுக்கட்டுப் போட்டுக் காலை அசையாமல் வைத்திருக்கும் வழக்கம் நெடுநாள் நீடித்தது. கட்டைப் பிரித்தால் கால் குச்சியாக மெலிந்திருக்கும், முழங்கால் இறுகிப்போயிருக்கும்.

அந்த வழக்கத்தை உடைத்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரத்து மருத்துவர் டொனால்ட் ஷெல்போர்ன். தாம் சொன்ன கட்டுப்பாடுகளைக் கேட்காமல் சீக்கிரமே காலை ஊன்றி, நீட்டி மடக்கிய நோயாளிகள், சொன்னபடி கேட்டவர்களைவிட நன்றாகத் தேறுவதை அவர் கவனித்தார். பால் நிட்ஸுடன் சேர்ந்து 1990இல் அவர் வெளியிட்ட கட்டுரை, விரைவு மறுவாழ்வுப் பயிற்சி என்னும் முறையை உலகெங்கும் பரப்பியது. முதல் நாளிலிருந்தே அசைவு, முதல் வாரத்திலேயே கால் ஊன்றல் என்பது இன்று வழக்கமாகிவிட்டது. கூடவே ஒரு தவறான நம்பிக்கையும் பரவியது: சீக்கிரம் அசைக்கலாம் என்பது சீக்கிரம் ஆடலாம் என்று புரிந்துகொள்ளப்பட்டது. ஆறு மாதம் என்ற எண் பயிற்சியாளர்களின் மனத்தில் ஆழமாகப் பதிந்தது அந்தக் காலத்தில்தான்.

எல்லோருக்கும் கத்தி வேண்டுமா என்பதும் தீராத விவாதம். ஸ்வீடனில் நடந்த ஆய்வொன்றில், உடலளவில் சுறுசுறுப்பான 121 இளவயதினரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு உடனே அறுவை சிகிச்சை; மறு பிரிவுக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் பின்னர் அறுவை சிகிச்சை. 2010இல் வெளியான இரண்டாண்டு முடிவிலும், 2013இல் வெளியான ஐந்தாண்டு முடிவிலும் நோயாளிகள் தம் முழங்காலுக்குத் தந்த மதிப்பெண்ணில் இரு பிரிவுக்கும் வேறுபாடு தெரியவில்லை. ஐந்தாண்டில் இரண்டாம் பிரிவில் பாதிப்பேர் எப்படியும் அறுவை சிகிச்சைக்குப் போய்விட்டார்கள், மறுபாதிக்குத் தேவைப்படவில்லை. 2022இல் பிரிட்டனிலிருந்து வந்த ஆய்வோ, காயமாகி நாளாகியும் முழங்கால் நிலைகொள்ளாதவர்களுக்கு அறுவை சிகிச்சையே மேல் என்றது. 2023இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இன்னொரு செய்தி: முழங்காலைச் செங்கோணத்தில் மடக்கிப் பட்டை பூட்டி நான்கு வாரம் வைத்திருந்த 80 பேரில் பத்தில் ஒன்பது பேருக்கு, மூன்றாம் மாத எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் ஜவ்வு ஒட்டத் தொடங்கிய அடையாளம் தெரிந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு பிரிவு இல்லாத ஆய்வு அது. அதை நம்பி யாரும் முடிவெடுக்கக் கூடாது. திசை மாறி ஓடும் ஆட்டங்களுக்குத் திரும்ப விரும்பும் இளைஞருக்கு இன்றும் அறுவை சிகிச்சையே பொதுவான வழி. அலுவலகம் போய் வந்து, மாலையில் நடைப்பயிற்சி மட்டும் செய்பவர் முதலில் மூன்று மாதம் தசைப் பயிற்சி செய்து பார்த்துவிட்டு முடிவெடுப்பதே விவேகம்.

அறுவை சிகிச்சையில் நிகழ்வதைப் பலர் தையல் என்றே நினைக்கிறார்கள். நடப்பது மாற்று நடவு. நோயாளியின் உடம்பிலிருந்தே ஒரு தசைநாணை எடுத்து, இரு எலும்புகளிலும் சுரங்கம் தோண்டி, அதில் இழுத்துப் பொருத்துகிறார்கள். முழங்கால் சில்லுக்குக் கீழிருந்து எடுத்தால் இரு முனைகளிலும் எலும்புத் துண்டு இருப்பதால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். ஆனால் மண்டியிட்டு உட்கார்ந்தால் வலிக்கும். தரையில் அமர்ந்து உண்பதும் மண்டியிட்டுத் தொழுவதும் வாழ்க்கையாக இருப்பவர்கள் இதை முன்கூட்டியே மருத்துவரிடம் பேச வேண்டும். பின்தொடையிலிருந்து எடுத்தால் முன்பக்க வலி குறைவு. ஆனால் பின்தொடைத் தசை பலவீனப்படும், வேகமாக ஓடத் தொடங்கும்போது அது சுளுக்கிக்கொள்ளலாம். சில்லுக்கு மேலிருக்கும் நாணை எடுப்பதும் இப்போது பெருகி வருகிறது. இறந்தவர் தந்த தசைநாணை இளம் விளையாட்டு வீரர்களுக்கு வைத்தால் அறுபடும் வாய்ப்பு கூடுதல் என்பது தெளிவாகியிருக்கிறது.

நட்ட பிறகு அந்த நாணுக்கு நேர்வதைத் தெரிந்துகொண்டால் மாதக் கணக்கின் பொருள் விளங்கும். நாற்றைப் பிடுங்கி நட்டால் முதலில் வாடி, பிறகே வேர் பிடித்துத் தழைக்கும், அதுபோலத்தான் இதுவும். பழைய இரத்த ஓட்டம் அறுபட்டதால் அதிலுள்ள உயிரணுக்கள் மடிகின்றன. பிறகு புது இரத்தக் குழாய்கள் படர்கின்றன, புது உயிரணுக்கள் குடியேறுகின்றன, இழைகள் கலைந்து மறுபடி அடுக்கப்படுகின்றன. அறுவை சிகிச்சை அறையில் வலுவாக இருந்த அந்த நாண், ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை மிக நொய்ந்த நிலையில் இருக்கும். முழுமையாக ஜவ்வின் தன்மையை எட்ட ஓராண்டும் ஆகலாம், இரண்டாண்டும் ஆகலாம். கவலை என்னவென்றால், அது மிக நொய்ந்திருக்கும் அதே காலத்தில்தான் வலி போய், வீக்கம் வற்றி, பையனுக்குத் தான் குணமாகிவிட்டதாகத் தோன்றும். வலியை வழிகாட்டியாக வைத்துக்கொள்ள முடியாத காயம் இது.

பயிற்சி அறுவை சிகிச்சைக்கு முன்பே தொடங்க வேண்டும். வீக்கம் வற்றி, முழங்கால் முழுதும் நீண்டு, முன்தொடைத் தசை ஓரளவு வலுவோடு இருக்கும் நிலையில் கத்தி வைத்தவர்களே பின்னர் நன்றாகத் தேறுகிறார்கள். அறுந்த மறுநாளே அறுவை சிகிச்சை செய்துகொள்ளத் துடிக்கும் குடும்பங்களுக்கு இதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும். அந்தச் சில வாரங்கள் வீணாகும் நாட்கள் அல்ல.

அறுவை சிகிச்சைக்குப் பின் முதல் இரண்டு வாரத்தில் செய்ய வேண்டியவை மிகச் சிறியவை. தவறவிட்டால் பின்னால் ஈடுகட்டுவது பெரும்பாடு. முதல் வேலை, முழங்காலை மற்றக் காலைப் போலவே முழுவதும் நீட்டுவது. நம் வீடுகளில் பாசத்தோடு முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பார்கள். மடங்கி இருந்தால் வலி குறையும், உண்மைதான். ஆனால் அப்படியே நாள்கள் போனால் மூட்டுக்குள் தழும்புத் திசு முடிச்சாக வளர்ந்து, பிறகு எவ்வளவு அழுத்தினாலும் கால் நீளாது. சிலருக்கு அதை அகற்ற இன்னொரு அறுவை சிகிச்சை வேண்டியிருக்கும். தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முழங்கால் தன் எடையால் கீழே தாழட்டும். சில பாகை குறைந்தாலும் நடை நொண்டும். நொண்டும் நடையில் தொடைத் தசை ஒருபோதும் தேறாது.

இரண்டாவது வேலை, அந்த முன்தொடைத் தசையை எழுப்புவது. முழங்காலில் நீர் கட்டியிருக்கும்போது, மூட்டிலிருந்து போகும் நரம்புச் செய்திகள் அந்தத் தசைக்கு வரும் கட்டளையை மட்டுப்படுத்திவிடுகின்றன. எவ்வளவு மனவுறுதி உள்ளவராலும் அதை இறுக்க முடியாது. தொடையை முறுக்கச் சொன்னால் அது அசையாமல் கிடப்பதைப் பார்த்து "சோம்பேறி" என்று திட்டும் பயிற்சியாளர்கள் இதை அறிய வேண்டும். பனிக்கட்டி ஒத்தடம், காலை நீட்டி வைத்துத் தசையை மட்டும் இறுக்கும் பயிற்சி, மின்தூண்டல் கருவி ஆகியவை அந்த முடக்கத்தைப் படிப்படியாக அவிழ்க்கின்றன. காலை நேராக நீட்டியபடி, முழங்கால் தொய்யாமல், படுக்கையிலிருந்து உயர்த்த முடிந்தால் முதல் தடையைத் தாண்டியாயிற்று. ஊன்றுகோலைக் கைவிடுவதற்கு வாரக் கணக்கு முக்கியமல்ல. நொண்டாமல் நடக்க முடிகிறதா என்பதே கணக்கு.

அடுத்த மாதங்களின் நாயகன் அதே முன்தொடைத் தசைதான். இங்கே நெடுநாள் நிலவிய ஓர் அச்சம் பலரைக் கெடுத்திருக்கிறது. நாற்காலியில் அமர்ந்து எடையைக் காலால் நீட்டித் தூக்கும் 'லெக் எக்ஸ்டென்ஷன்' பயிற்சி புது ஜவ்வை இழுத்துத் தளர்த்திவிடும் என்று பல மருத்துவர்கள் அதை முற்றாகத் தடுத்தார்கள். அதற்குப் பதில் உட்கார்ந்தெழும் பயிற்சி போதும் என்றார்கள். ஆனால் உட்கார்ந்தெழும்போது உடம்பு தந்திரம் செய்கிறது: பலவீனமான முழங்காலுக்குப் போக வேண்டிய சுமையை இடுப்பும் மற்றக் காலும் வாங்கிக்கொள்கின்றன. வெளியே பார்த்தால் அழகான பயிற்சி. உள்ளே முன்தொடை மெலிந்தே கிடக்கும். 2016இல் வெளிவந்த நெதர்லாந்து வழிகாட்டுதல், நான்காவது வாரத்திலிருந்தே செங்கோணத்துக்கும் 45 பாகைக்கும் இடைப்பட்ட வீச்சில் அந்தப் பயிற்சியைத் தொடங்கி மெல்ல விரிக்கலாம் என்றது. பின்தொடை நாண் வைத்தவர்களுக்கு எடையைக் கூட்டுவதில் நிதானம் தேவை. எந்த நாண் வைத்தார்கள், மெனிஸ்கஸும் தைத்தார்களா என்பதைப் பிசியோ கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். மருத்துவமனை தரும் குறிப்பில் அது தெளிவாக இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள்.

மெதுவோட்டம் பொதுவாக மூன்றாம் மாதத்துக்குப் பிறகு. அப்போதும் வீக்கம் இருக்கக் கூடாது. காயம்பட்ட காலின் தசை வலு மற்றக் காலில் எழுபது விழுக்காட்டையாவது எட்டியிருக்க வேண்டும். பிறகு குதித்தல், ஒற்றைக் காலில் இறங்குதல், வேகம் குறைத்தல், திசை மாற்றம், யாரும் தொடாத பயிற்சி ஆட்டம், முழு ஆட்டம் என்று படிகள் ஏறும். ஒரு படியில் ஏறிய மறுநாள் முழங்கால் வீங்கினால் அது ஒரு படி இறங்கச் சொல்லும் கட்டளை.

களத்துக்கு எப்போது அனுப்பலாம் என்பதில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு நார்வேயின் ஓஸ்லோ, அமெரிக்காவின் டெலவேர் ஆகிய இரு மையங்கள் சேர்ந்து நடத்தி, 2016இல் ஹெகே கிரிண்டெம் முதலானோர் வெளியிட்டது. ஒன்பது மாதம் வரை, களம் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. தசை வலுவும் தாண்டுதல் சோதனைகளும் தேறி ஆடப் போனவர்கள் 18 பேர். அவர்களில் ஒருவருக்கு மட்டுமே மறுகாயம். தேறாமலே போனவர்களில் நூற்றுக்கு 38 பேருக்கு. முன்தொடை வலுவில் இரு கால்களுக்கும் உள்ள இடைவெளி ஒவ்வொரு விழுக்காடு சுருங்கும்போதும் மறுகாய விகிதம் மூன்று விழுக்காடு குறைந்தது. அதே ஆண்டில் கத்தார் நாட்டின் ஆஸ்பெட்டார் மருத்துவமனையிலிருந்து இன்னொரு முடிவு: 158 தொழில்முறை ஆண் வீரர்களில், களம் திரும்புவதற்கு வகுத்த ஆறு நிபந்தனைகளையும் நிறைவேற்றாமல் திரும்பியவர்களுக்குப் புது ஜவ்வு அறுபடும் ஆபத்து நான்கு மடங்கு. 2020இல் ஸ்வீடன் ஆய்வு, ஒன்பது மாதத்துக்கு முன் திரும்பிய இளம் வீரர்களுக்கு இரண்டாம் முறை ஜவ்வு அறுபடும் விகிதம் ஏறத்தாழ ஏழு மடங்கு என்றது.

இவை சிறு எண்ணிக்கையிலான ஆய்வுகள் என்பதை மறக்கக் கூடாது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2019ஆம் ஆண்டு மதிப்பீடு ஒரு சிக்கலை எழுப்பியது: சோதனை தேறியவர்களுக்குப் புது ஜவ்வு அறுவது குறைந்தது, ஆனால் மற்றக் காலின் ஜவ்வு அறுவது கூடியது. நன்றாகத் தேறியவர்கள் அதிகமாகவும் மூர்க்கமாகவும் ஆடுகிறார்கள் என்பது ஒரு விளக்கம். மற்றக் காலை யாரும் பயிற்றுவிப்பதில்லை என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதே அதிகம் படுகிறது.

சோதனைகளிலும் ஓட்டை உண்டு. இரு கால்களையும் ஒப்பிட்டுத் தொண்ணூறு விழுக்காடு வந்தால் தேர்ச்சி என்பது நடைமுறை. ஆனால் ஆறேழு மாதம் முழு ஆட்டம் ஆடாமல் இருந்ததில் நல்ல காலும் மெலிந்திருக்கும். மெலிந்த காலோடு ஒப்பிட்டால் பலவீனமான கால்கூடத் தேறிவிடும். காயத்துக்கு முன்போ, அறுவை சிகிச்சைக்கு முன்போ நல்ல காலின் வலுவை அளந்து வைத்திருந்தால் இந்த ஏமாற்றம் இல்லை. ஒற்றைக் காலில் முன்னோக்கித் தாண்டும் தூரத்தை அளப்பதும் அவ்வளவு நம்பத்தக்கதல்ல. முன்னோக்கித் தாண்டும்போது வேலையில் பெரும்பகுதியை இடுப்பும் கணுக்காலும் செய்துவிடுகின்றன. தூரம் சமமாக வரும், முழங்கால் பின்தங்கியே இருக்கும். ஒற்றைக் காலில் மேல்நோக்கி எம்பச் சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும். விலையுயர்ந்த கருவி இல்லாத ஊரில் ஒரு கைபேசியை முன்னால் நிறுத்தி, பெட்டியிலிருந்து ஒற்றைக் காலில் இறங்குவதை மெதுவேகக் காணொளியாக எடுத்தாலே, முழங்கால் உள்பக்கம் சரிகிறதா, மடங்காமல் விறைத்து இறங்குகிறதா என்பது தெரியும். உடற்பயிற்சிக் கூடத்து லெக் எக்ஸ்டென்ஷன் கருவியில் ஒவ்வொரு காலும் தனியாக எவ்வளவு தூக்குகிறது என்று குறித்து வைப்பதும் எளிது.

ஒன்பது மாதத்துக்கு முன் திரும்பி வென்றவர்களை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அமெரிக்கக் கால்பந்து வீரர் ஏட்ரியன் பீட்டர்சன் 2011 டிசம்பரில் ஜவ்வு அறுந்து, எட்டரை மாதத்தில் திரும்பி, அந்தப் பருவத்தில் 2,097 கெஜம் ஓடிச் சிறந்த வீரர் விருது பெற்றார். 2023 ஆகஸ்டில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகட், அரையாண்டுக்குள் தேசியப் போட்டியில் இறங்கி, ஓராண்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஜப்பானின் முன்னணி வீராங்கனை யுய் சுசாகியை வீழ்த்தினார். அவர்களைச் சுற்றி முழுநேர மருத்துவக் குழு இருந்தது. பனிச்சறுக்கு வீராங்கனை லிண்ட்ஸி வான் 2013 பிப்ரவரியில் முழங்கால் ஜவ்வு அறுந்து, அந்த ஆண்டு முடிவதற்குள் திரும்பிவந்து, அதே முழங்காலை மீண்டும் காயப்படுத்திக்கொண்டு 2014 சோச்சி ஒலிம்பிக்கை இழந்ததைக் குறைவாகவே பேசுகிறார்கள்.

எத்தனை பேர் உண்மையில் திரும்புகிறார்கள்? 2014இல் கிளேர் ஆர்டெர்ன் முதலானோர் 69 ஆய்வுகளையும் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளையும் தொகுத்தார்கள். நூற்றுக்கு 81 பேர் ஏதாவதொரு விளையாட்டுக்குத் திரும்பினார்கள். பழைய நிலைக்குத் திரும்பியவர்கள் 65. போட்டி ஆட்டத்துக்குத் திரும்பியவர்கள் 55. ஐரோப்பாவின் உயர்மட்டக் கால்பந்து கிளப்புகளில் ஏறக்குறைய எல்லோரும் ஓராண்டுக்குள் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் மூன்றாண்டு கழித்து அதே உயரத்தில் ஆடிக்கொண்டிருப்பவர்கள் மூன்றில் இரண்டு பங்குதான். இருபத்தைந்து வயதுக்குக் குறைந்து, ஆட்டத்துக்கும் திரும்பியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ஏதோ ஒரு காலில் மறுபடி ஜவ்வு அறுகிறது. இந்த எண்ணை அறுவை சிகிச்சைக்கு முன்பே ஒவ்வொரு பெற்றோருக்கும் சொல்ல வேண்டும்.

திரும்பாதவர்கள் பலருக்கு முழங்காலில் குறை இல்லை; அச்சமே தடை. சிகாகோ கூடைப்பந்து அணியின் டெரிக் ரோஸ் 2012 ஏப்ரலில் இடது முழங்கால் ஜவ்வு அறுந்து, மறு ஆண்டு மருத்துவர்கள் அனுமதித்த பின்னும் அந்தப் பருவம் முழுவதும் ஆடவில்லை. கோழை என்றுகூட ஏசினார்கள். திரும்பி வந்து ஆடிக்கொண்டிருந்தபோது, 2013 நவம்பரில் வலது முழங்காலில் மெனிஸ்கஸ் கிழிந்தது. அவருடைய தயக்கத்தைக் குறை சொன்னவர்கள் அதன் பிறகாவது யோசித்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் கேட் வெப்ஸ்டரும் உடனுழைத்தவர்களும் 2008இல் உருவாக்கிய பன்னிரண்டு கேள்விகள் கொண்ட ஒரு படிவம், ஆடுபவரின் நம்பிக்கை, பதற்றம், ஆபத்தைப் பற்றிய எண்ணம் ஆகியவற்றை எண்ணாக்கித் தருகிறது. பத்து நிமிடம்கூட ஆகாது. அச்சம் இருப்பதாகச் சொல்லும் பிள்ளையைத் தேற்ற வேண்டும், படிப்படியாக ஆட்டச் சூழலுக்குள் கொண்டுவர வேண்டும், "ஆம்பளப் பையன் பயப்படலாமா?" என்று கேட்டுக் களத்தில் தள்ளுவது கொடுமை.

பெண்கள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரே ஆட்டத்தில் ஆண்களைவிட அவர்களுக்கு ஏ.சி.எல். அறுவது இரண்டு மூன்று மடங்கு அதிகம். 2022-23 பருவத்தில் ஆர்சனல் மகளிர் அணியில் மட்டும் பெத் மீட், விவியானே மியெடெமா, லியா வில்லியம்சன், லாரா வீன்ரோய்தர் என நால்வர் இப்படி வீழ்ந்தார்கள். முதல் மூவரும் 2023 உலகக் கோப்பையை இழந்தார்கள். இடுப்பு அகலம், ஹார்மோன் என்று உடலையே காரணமாக்கும் பேச்சு எளிது. சிறுவயதிலிருந்து எடைப் பயிற்சி கிடைக்காதது, ஆண்களுக்கென்று வடிவமைத்த காலணி, மோசமான மைதானம், குறைவான மருத்துவ ஊழியர் என மாற்றக்கூடிய காரணங்கள் ஏராளம். மாற்ற முடியாததைப் பேசி மாற்றக்கூடியதை மறைத்துவிடுகிறோம்.

நீண்ட காலத்தில் முழங்கால் என்னவாகும் என்பதும் கசப்பானது. ஜவ்வு அறுந்து 12 ஆண்டு கழிந்த ஸ்வீடன் நாட்டுக் கால்பந்து வீராங்கனைகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது பாதிப்பேருக்கு மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. அவர்களுடைய சராசரி வயது 31. அறுவை சிகிச்சை செய்தால் தேய்மானம் வராது என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம். வலுவான தொடையும் அளவான உடல் எடையும்தான் அந்த முழங்காலுக்கு வாழ்நாள் முழுவதும் துணை.

வராமல் தடுப்பது பற்றி உலகம் ஏறக்குறைய ஒருமித்துப் பேசுகிறது. குதித்துச் சரியாக இறங்குதல், சமநிலை, தொடை, இடுப்புப் பயிற்சிகள் கொண்ட இருபது நிமிட வார்ம்-அப் முறைகளைத் தவறாமல் செய்யும் அணிகளில் ஏ.சி.எல். காயம் பாதியாகக் குறைகிறது. பெண்களிடம் மோதலற்ற காயம் மூன்றில் இரண்டு பங்கு குறைகிறது. ஃபிஃபாவின் '11+' அவற்றில் பெயர்பெற்றது. விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். பள்ளி உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம்.

நம் ஊர் நிலவரத்துக்கு வருவோம். ஊர்க் கபடி அணியில் ஆடும் பையனுக்கு அந்த ஆட்டம் பொழுதுபோக்கு அல்ல. கல்லூரி இடம், விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை, குடும்பத்தின் எதிர்காலம் எல்லாம் அதில் இருக்கின்றன. அறுவை சிகிச்சைக்குக் குடும்பம் எப்படியாவது பணம் புரட்டிவிடுகிறது. அதற்குப் பிறகு வாரம் மூன்று நாள் பேருந்தேறி நகரத்துக்கு வந்து பிசியோவைப் பார்க்கக் காசும் இல்லை, கூட வர ஆளும் இல்லை. தையல் பிரித்ததும் சிகிச்சை முடிந்ததாக ஆகிவிடுகிறது. தைப்பொங்கல் தொடர் வருகிறது, அணியில் ஆள் குறைகிறது, பையன் முழங்காலுக்கு உறை மாட்டிக்கொண்டு இறங்குகிறான். சந்தையில் விற்கும் அந்தத் துணி உறை கொஞ்சம் தெம்பு தரும்; ஜவ்வைக் காக்காது.

மாவட்ட விளையாட்டு அரங்குகளிலும் விளையாட்டு விடுதிகளிலும் ஒரு நிரந்தர பிசியோவும், தசை வலுவை அளக்கக் கைக்கு அடக்கமான கருவி ஒன்றும், ஒரு லெக் எக்ஸ்டென்ஷன் எந்திரமும் இருக்கும்படி அரசு செய்ய வேண்டும். காப்பீட்டுத் திட்டங்கள் அறுவை சிகிச்சைக்குத் தரும் தொகையோடு ஒன்பது மாதப் பயிற்சிக்கும் சேர்த்துத் தர வேண்டும். பின்னது இல்லாமல் முன்னதற்குச் செலவிடுவது பாதிப் பணத்தை வீணாக்குவது. தொடர் நடத்தும் அமைப்பாளர்கள், அறுவை சிகிச்சை செய்துகொண்ட வீரரிடம் தேர்ச்சிச் சான்று கேட்க வேண்டும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளையைக் களத்துக்கு அனுப்பும் முன் மருத்துவரிடமும் பிசியோவிடமும் நான்கு கேள்வி கேளுங்கள். ஒன்பது மாதம் முடிந்ததா? முன்தொடை வலுவை அளந்தீர்களா, இரண்டு காலுக்கும் எண் என்ன? ஒற்றைக் காலில் இறங்குவதைப் பார்த்தீர்களா? அவனிடம், அவளிடம், பயமாக இருக்கிறதா என்று கேட்டீர்களா? நான்கில் ஒன்றுக்கு விடை இல்லையென்றாலும் அந்தத் தொடரை விட்டுவிடுங்கள். அடுத்த தொடர் சில மாதங்களில் வரும்.